அந்தோனியாருக்குக் கீழே ஒரு கருத்துப் பெட்டி

கொட்டாஞ்சேனை,
வெள்ளி இரவு.

அன்புள்ள யூஜினா பெரியம்மாவுக்கு,

இங்கு அம்மாவும் நானும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைய ஒவ்வொரு நாளும் செபிக்கிறேன். போன் அம்மாவின் தலையணைக்குக் கீழே இருப்பதால் இதைப் போர்வைக்குள் எழுதுகிறேன். நாளை சான்றிதழ் விழா வாசலில் கையில் தருவேன். வாசித்துவிட்டுச் சத்தம் போடாதீர்கள்.

முதலில் பெருமையான செய்தி. சிறு வியாபார முகாமைத்துவப் பயிற்சியில் முப்பத்தொரு பேரில் அம்மாதான் முதலாவது! பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவ 'இலக்குச் சந்தை' என்று சொன்னால் எதிர்க்கடை முதலாளியே வாயைப் பிளக்கிறார். எங்கள் சிற்றுண்டிக் கடையில் மீன் ரோல்ஸ் சுற்றும் லுத்பியா அன்ரியிடம், "நீங்க இனி உற்பத்திப் பிரிவு" என்றா. அவ, "பிரிவு இருக்கட்டும் பிறிஜெற், எண்ணெய் கொதிக்குது" என்றா.

பிழை கருத்துப் பெட்டியில்தான் தொடங்கியது. வாடிக்கையாளரின் கருத்தைக் கேளுங்கள் என்று பயிற்சியில் சுபோதினி மிஸ் சொல்ல, அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு, கடையில் காலியாக இருந்த ஒரே ஆணியில், அந்தோனியார் படத்துக்குக் கீழே தொங்கவிட்டா. அந்தோனியாருக்குக் கீழே பெட்டியைக் கண்டால் எங்கட சனம் மன்றாட்டு எழுதிப் போடாமல் சும்மா போகுமா? வெள்ளிதோறும் அதைத் திறப்பது என் பொறுப்பு. முதல் வெள்ளி திறந்தால் ஒருவருக்கு இத்தாலி விசா வேண்டும், ஒருவருக்குப் பிள்ளை வரம் வேண்டும், எட்வேட் அங்கிளுக்குப் பக்கத்து வீட்டு நாயின் வாய் அடங்க வேண்டும். ரோல்ஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. "என்ன பிள்ளை, சனம் என்ன சொல்லுது?" என்று அம்மா ஆசையாகக் கேட்ட முகத்தைப் பார்த்து எனக்கு உண்மை சொல்ல வாய் வரவில்லை பெரியம்மா, மன்றாட்டுகளைக் கோயிலில் போட்டுவிட்டுப் பத்துக் கருத்தைப் பத்துக் கையெழுத்தில் நானே எழுதினேன், எட்டுக் கிழமையும் எழுதினேன், நம்பட்டும் எண்டு 'மிளகு கூடிப்போச்சு, மீன் காணாது' எண்டும் ஒண்டு போட்டன், அம்மா அப்பிடியே மாத்த, இப்ப பத்து மணிக்கே தட்டு காலி, ரெண்டு கன்டீனும் ஓடர் தந்திட்டுது! நாளைக்கு அம்மா மேடையில அந்தக் கருத்துத் துண்டுகளைக் காட்டிப் பேசப் போறா. எல்லாம் என்ட ஒரே கணக்குக் கொப்பியில கிழிச்ச தாள் எண்டு மிஸ் கண்டா சான்றிதழைப் பறிச்சிடுவினம். எப்பிடியாவது அம்மாட கைப்பையிலயிருந்து அதுகளை எடுத்திடுங்கோ.

உங்கள் ஆசீரை வேண்டி நடுங்கும் பெறாமகள்,
ஜெனிட்டா

பி.கு.: அம்மா எழும்பி, முழுதும் வாசித்துவிட்டா. அடி விழுமென்று கண்ணை மூடினேன். "கணக்குக் கொப்பி கிழமைக்குக் கிழமை மெலிஞ்சது எனக்குத் தெரியாதே? கடையில எல்லாரும் 'நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு' எண்டு சொல்லிப்போட்டுப் போகுங்கள். மிளகு கூட எண்டு துணிஞ்சு சொன்ன ஒரே வாடிக்கையாளர் நீதான். நாளைக்கு மேடையில அதைத்தான் சொல்லப் போறன். பக்கத்தில நிண்டு நீயும் ரெண்டு வார்த்தை பேசவேணும்" என்றா. பெரியம்மா, துண்டுகளை விடுங்கோ. என்னை ஒளித்துவைக்க ஒரு இடம் பாருங்கோ.