மூன்று கோட்டிங் கறுப்பு

நானேகாரர் என்று ஓர் இனம் உண்டு. தெருவுக்கு ஒருவராவது தேறுவார். கூட்டத்தில் அவரை அடையாளம் காண ஒரு காரியம் செய்தால் போதும்: அவர் காதில் விழும்படி, "இதை எங்க ரிப்பேருக்குக் குடுக்கலாம்?" என்று யாரிடமாவது கேளுங்கள். கழுத்து தானாகத் திரும்பும், கண் மின்னும், சட்டைக் கை முழங்கைக்கு மேல் ஏறும். "எதுக்கு வெளிய குடுக்கணும்? நானே பண்ணிடுவேனே!" அவ்வளவுதான். உங்கள் பொருளை இனி நீங்கள் முழுசாகப் பார்க்கப்போவதில்லை.

நானேகாரர் கை வைத்த குழாய் சொட்டாது. கொட்டும். அவர் மாட்டிய கதவு சத்தமில்லாமல் மூடும், ஆனால் திறக்காது. ஒவ்வொரு வேலை முடியும்போதும் அவர் உள்ளங்கையில் ஒரு திருகாணி மிஞ்சியிருக்கும். அதைக் கண்டு அவர் கலங்குவார் என்றா நினைக்கிறீர்கள்? "கம்பெனில ஒண்ணு கூடுதலாத்தான் குடுப்பாங்க" என்று ஒரு பழைய ஜாம் பாட்டிலில் போட்டு மூடிவிடுவார். முதல் பாட்டில் நிரம்பி இரண்டாவது பாதிக்கு வந்திருந்தால், அவர் அந்த இனத்தில் மூத்தவர்.

நாம் பார்க்கப்போகிறவருக்கு இது மூன்றாவது பாட்டில்.

ஆள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் குனிந்து உட்கார்ந்து, கண்ணாடிச் சட்டங்களில் கடுகளவு திருகாணிகளை முடுக்குவதுதான் தொழில். அதில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. வந்த வினை என்னவென்றால், முப்பது வருஷம் கடுகை முடுக்கியவனுக்குப் பூசணிக்காயை முடுக்க எவ்வளவு நேரமாகும் என்று ஓர் எண்ணம் அவருக்குள் ஊறிப்போய்விட்டது.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய ஒரே மகளுக்கு மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இன்னோர் ஊரில் வேலை கிடைத்தது. ஒரு மாதம் கழித்து வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை கட்டில், மேசை, புத்தக அலமாரி எல்லாம் போயாக வேண்டும். எதிர் வீட்டு பிளம்பர் நல்ல மனுஷர். சொந்தமாக டிரெய்லர் வைத்திருக்கிறார். "அந்த ஞாயித்துக்கிழமை நான் சும்மாதான் சார் இருப்பேன். என் வண்டியில கோத்துக் கொண்டுபோய் இறக்கிட்டு வந்துடறேன்" என்றார்.

"டிரெய்லரை மட்டும் குடுங்க. நம்ம எஸ்யூவி இழுக்கும்."

"அதுல பின்னாடி கொக்கி இல்லையே, சார்?"

"இன்னும் ஒரு மாசம் இருக்கே. மாட்டிட்டாப் போச்சு. நானே பண்ணிக்கிறேன்."

அவருக்கு ஏன் இந்த வீம்பு? சொல்கிறேன். வீட்டை விட்டு முதல் முதலாகப் போகிறாள் பெண். அவள் படுத்த கட்டிலை வேறு யாரோ ஏற்றிக்கொண்டு போக, வாசலில் நின்று கையாட்டுவது அவரால் ஆகாத காரியம். அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லத் தெரிந்திருந்தால் இரும்பு வாங்கவே அவசியமிருந்திருக்காது. நானேகாரர்களுக்குச் செய்யத் தெரியாத ஒரே வேலை அதுதான்.

புதுக் கொக்கியைக் கடையிலேயே இரண்டு மணி நேரத்தில் மாட்டித் தருவார்கள். அப்படி மாட்டிக்கொண்டால் இவர் எதற்கு? பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்துக்குப் போய், பாதி நாள் அலைந்து, தன் வண்டி மாடலிலிருந்தே கழற்றிய ஒரு பழைய கொக்கியை, கடைக்காரர் பாஷையில் 'ஹிட்ச்'சை, பிடித்துவிட்டார். ஆள் நீளத்தில் முக்கால்வாசி இருக்கும் ஒரு குறுக்குச் சட்டம். நடுவில் ஒரு சதுரக் குழாய். டிரெய்லரைத் தாங்கும் குண்டு வைத்த தடித்த நாக்கு அந்தக் குழாய்க்குள் போய் உட்கார வேண்டும். நாக்கும் கூடவே கிடைத்தது. எல்லாம் சேர்த்துத் துரு மட்டுமே நாலு கிலோ தேறும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சுற்றிவந்து பார்த்தாள்.

"ஏங்க, யார் வீட்டுச் சாக்கடை மூடி இது?"

"ஹிட்ச். உள்ள இரும்பு தங்கம் மாதிரி இருக்கு. மேல லேசா துரு."

"லேசா?" என்று அவள் ஒரு விரலால் தொட்டாள். ஒரு துண்டு கையோடு வந்தது.

அன்றிலிருந்து கார் நிறுத்துமிடம் ஆஸ்பத்திரி ஆயிற்று. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார், உப்புத்தாளால் தேய்த்தார், துரு நீக்கும் திரவத்தில் ஊறவைத்தார், கடையில் கண்ணாடிக் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்தையும் விசாரித்தார். தும்மினால் பழுப்பாக வந்தது. சாப்பாட்டு மேசையில் மகள் புது வேலையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தால், இவர் பிரைமர் காய எத்தனை மணி நேரம் என்று ஆரம்பிப்பார். அவள் பாவம், தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள்.

எதிர் வீட்டு பிளம்பர் மட்டும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப்பார்த்து ஒரே கேள்வி கேட்டார். "வண்டியில வச்சுப் பாத்தீங்களா, சார்?"

"துரு எடுத்துக்கிட்டிருக்கேன்."

அடுத்த வாரம்: "வச்சுப் பாத்தீங்களா?"

"பிரைமர் காயணுமே."

இந்த இனத்தின் மேல் இரக்கம் வரவேண்டிய இடம் இது. வேலை எதற்காக ஆரம்பித்ததோ அதை மறந்துவிட்டு, வேலையையே கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடுவார்கள். கறுப்பு பெயின்ட் ஒரு கோட்டிங் அடித்தார். நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதோடு யாராவது நிறுத்துவார்களா? இரண்டாவது அடித்தார். மூன்றாவது அடித்ததும் அதில் அவர் முகமே தெரிந்தது. வெளியே மட்டும் அடித்தால் சதுரக் குழாயின் உள்பக்கம் துருப்பிடிக்காதா? சமையலறையில் பாட்டில் கழுவும் நீள பிரஷ் இருந்தது. உள்ளேயும் மூன்று கோட்டிங். மனைவி இரண்டு நாள் அந்த பிரஷ்ஷைத் தேடிவிட்டு, கண்டதும் புதுசு வாங்கி வந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, மாட்டினார். மாட்டினார் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடலாம். நடந்தது என்னவென்றால், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஹிட்ச்சை நெஞ்சின் மேல் ஏற்றிக்கொண்டார். ஏற்றிய பிறகுதான் இரண்டு கையும் அதைப் பிடித்திருப்பதும், ஸ்பேனர் கால்மாட்டில் இருப்பதும் புலப்பட்டது. கத்தக் கூச்சம். கொஞ்ச நேரம் வண்டியின் அடிப்பாகத்தை ரசித்துக்கொண்டு கிடந்தார். பிறகு மூச்சு போதாமல் மெல்லக் கூப்பிட்டார். "அம்மாடி... சும்மா இருந்தா கொஞ்சம் வாயேன்."

மகள் வந்தாள். ஜாக்கியை உருட்டிவந்து, சட்டத்துக்கு அடியில் கொடுத்து, அப்பாவின் நெஞ்சிலிருந்து பாரத்தைத் தூக்கினாள். ஆறு போல்ட். ஐந்து ஒழுங்காக ஏறின. ஆறாவது கை நழுவி, வண்டிச் சட்டத்தின் பொந்துக்குள் விழுந்து, உள்ளே உருண்டு, எங்கோ போய்த் தங்கிவிட்டது. காந்தம் விட்டுப் பார்த்தார், கம்பி விட்டுப் பார்த்தார். அது வருவதாக இல்லை. கடைக்குப் போய் அதே அளவில் வேறொன்று வாங்கிவந்து முடுக்கினார்.

மாலை பிளம்பர் வந்தார். ஹிட்ச்சைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. "பிரமாதம் சார். நாக்கைச் சொருகிப் பாத்தீங்களா?"

"இப்பச் சொருகினா பெயின்ட் கீறிடும். நாளைக்குக் காலையில ஒரே தடவையாச் சொருகிக்கலாம்."

பிளம்பர் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிறு காலை ஏழு மணி. கட்டில், மேசை, அலமாரி, பன்னிரண்டு அட்டைப்பெட்டி எல்லாம் டிரெய்லரில் ஏறிக் கயிறு கட்டி நிற்கின்றன. நம்மவர் துவைத்த சட்டையோடு, பட்டுத்துணியில் சுற்றிவைத்திருந்த நாக்கைக் கொண்டுவந்து சதுரக் குழாயின் வாயில் வைத்துத் தள்ளினார். போகவில்லை. துடைத்துவிட்டுத் தள்ளினார். திருப்பித் தள்ளினார். முழங்காலால் தள்ளினார். குழாய்க்குள் மூன்று கோட்டிங், நாக்கின் மேல் மூன்று கோட்டிங். போதாததற்கு, உள்ளே வழிந்த பெயின்ட் அடியில் கட்டிதட்டிப் போயிருந்தது. இடம் நகக்கனம் குறைந்தாலே நாக்கு எப்படி நுழையும்?

பிளம்பர் தன் வண்டிச் சாவி இருந்த பையைத் தொட்டார். தொட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். மகள்தான் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"வேன் ஏதாவது கூப்பிடட்டுமாப்பா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஒரு மாதமாக எதைத் தவிர்க்க இத்தனை பாடுபட்டாரோ, அது அவருடைய சொந்த பிரஷ்ஷால் வாசலுக்கு வந்து நிற்கிறது.

மனைவி உள்ளே போனாள். அரத்தையும் உப்புத்தாளையும் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். "சுரண்டுங்க."

"மூணு கோட்டிங்டீ."

"பொண்ணு பெருசா, பெயின்ட் பெருசா? சுரண்டுங்கன்னா."

சுரண்டினார். துவைத்த சட்டையோடு தரையில் உட்கார்ந்து, முகம் தெரிய மினுக்கிய கறுப்பை, சுருள் சுருளாகச் சுரண்டித் தள்ளினார். ஒரு மணி நேரம். நாக்கு கிறீச்சிட்டுக்கொண்டே உள்ளே போனது. பூட்டு ஊசியைச் செருகியபோது பிளம்பர் கைதட்டினார். அதில் கேலி இல்லை. இருந்திருந்தாலும் இவருக்குக் கேட்டிருக்காது.

மூன்று மணி நேரம் ஓட்டினார். ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் சட்டத்துக்குள் விழுந்த போல்ட் உருண்டது. டக். டக்டக். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தாள். அந்தச் சத்தத்தை இவ்வளவு துல்லியமாக நான் எப்படி எழுதுகிறேன் என்று கேட்டுவிடாதீர்கள். இதை எழுதும் மேசைக்கு ஒரு கால் ஆடுகிறது. நானே சரிசெய்தது.

புது வீட்டில் கட்டிலை இறக்கியதும் நம்மவர் ஸ்பேனரோடு முழங்காலிட்டார். மகள் குனிந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"விடுங்கப்பா. நீங்க ஓட்டிக்கிட்டு வந்ததே போதும். இதை நானே பண்ணிக்கிறேன்."

அவர் எழுந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு திரும்பும்போது போல்ட் இன்னும் அதிகமாக உருண்டது. இந்தத் தடவை பாட்டுப் போட ஆள் இல்லை.

நான்கு நாள் கழித்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, கட்டில் சூப்பரா நிக்குது. ஒரே ஒரு போல்ட் மட்டும் மிச்சம் ஆயிடுச்சு."

நம்மவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். எந்தப் போல்ட், எந்தக் கால், எங்கே விட்டுப்போனது எல்லாம் அவருக்கு நொடியில் தெரிந்துவிட்டது.

"அது ஒண்ணுமில்லம்மா. கம்பெனில ஒண்ணு கூடுதலாத்தான் குடுப்பாங்க. எதுக்கும் தூக்கிப்போடாம ஒரு பாட்டில்ல போட்டு வை. ஞாயித்துக்கிழமை சும்மா அந்தப் பக்கமா வரேன்."

அவர் கிளம்பட்டும். நீங்கள் ஒரு நிமிஷம் இருங்கள். இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், நல்லது. ஆனால் நடுவில், 'குழாய்க்குள்ள பெயின்ட் அடிக்காம, வாயில ஒரு துணியை அடைச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே' என்று உங்கள் வாய் முணுமுணுத்ததா இல்லையா? அப்படியானால் எழுந்து போய் உங்கள் வீட்டு ஜாம் பாட்டில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.