மயிலக்கா மயிலை வரைந்த கதை

தான் என்ன செய்கிறோம் என்று கொஞ்சமும் தெரியாமல், அதையே முழுநேர வேலையாகச் செய்தவர் கோயமுத்தூரிலேயே மயிலக்கா ஒருவர்தான். நாமெல்லோரும் அப்படித்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் நாம் அதை வெளியே சொல்வதில்லை. மயிலக்கா கதவைத் தட்டிச் சொல்வார்.

பீளமேட்டில் நான் குடியிருந்த அடுக்கு மாடியில் என் தலைக்கு மேல் வீடு அவருடையது. ஓவியர். மயில் வரைவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் அந்தப் பெயர். கல்யாண மண்டபம், ஸ்வீட் கடை, ஜவுளிக்கடை மாடிப்படி, எங்கே போனாலும் அவருடைய மயில் தோகையை விரித்துக்கொண்டு நிற்கும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள நான் வாயைப் பிளந்து படுத்திருந்தபோதும் எதிர்ச்சுவரில் அதே மயில்தான் என்னை வேடிக்கை பார்த்தது. அந்தியூரிலிருந்தெல்லாம் ஆள் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஒரு நாள் காலையில் ஈரத் தூரிகையோடு கீழே இறங்கி வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"தம்பி, செத்த மேல வந்து ஒண்ணு பாருங்க."

போனேன். அருமையான மயில்.

"நல்லா இருக்குதுங்கக்கா."

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இதை நான் வரையலீங்க."

"பின்ன யாரு?"

"சாம்பாருக்குக் கத்திரிக்காயா முருங்கைக்காயான்னு ரோசனை பண்ணிட்டு இருந்தனுங்க. நிமுந்து பாத்தா மயிலு முடிஞ்சு போச்சு. கண்ணுகூட வெச்சுப்போட்டேன். கை பாட்டுக்கு வரைஞ்சிருக்குது. அப்ப நான் எங்க போயிருந்தேன்?"

"கடைசியில எந்தக் காய்ங்க?" என்று கேட்டுவைத்தேன்.

"அதுவும் முடிவாகலீங்க," என்றார் பரிதாபமாக.

அன்றோடு மயில் நின்றது. கேட்டு வந்தவர்களையெல்லாம் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். இனிமேல் என்ன வரைகிறோம் என்று தெரியாமல்தான் வரைவது, தெரிந்துவிட்டால் அழித்துவிடுவது என்று ஒரு தீர்மானம். அதை அவர் கடைப்பிடித்த விதம் இருக்கிறதே! ஒரு மாதம் பாடுபட்டு ஒரு பச்சைப் படம் வரைந்தார். வாட்ச்மேன் தண்ணீர்க் கேனோடு மேலே போனவர், "அட, மருதமலை மாதிரியே இருக்குதுங்க!" என்று மனதாரப் பாராட்டினார். சாயங்காலத்துக்குள் மலை முழுக்க வெள்ளை அடித்தாகிவிட்டது. அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போகும் எவரும் எதையும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது.

அதிகம் திண்டாடியவர் அவர் வீட்டுக்காரர். பவுண்டரியில் சூப்பர்வைசர். உருகிய இரும்பைப் பார்த்தவுடன் பதம் சொல்லிவிடுவார். மனைவியின் படத்தைப் பார்த்தால் வியர்த்துவிடும்.

"ஏனுங் தம்பி, எப்படி இருக்குதுன்னு கேப்பா. என்னன்னு சொல்றதுங்க?"

"கலர் நல்லா எடுப்பா இருக்குதுன்னு சொல்லுங்கண்ணா. அதுல வம்பு வராது."

சொன்னார். "எந்தக் கலருங்க?" என்று அக்கா ஆசையாகக் கேட்டார். அண்ணன் யோசித்து, தைரியமாக ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"அது இன்னும் பூசாத இடமுங்க."

இப்படி இருக்கும்போதுதான் காங்கேயத்திலிருந்து எண்ணெய் மில்காரர் ஒருவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு எங்கள் எல்லோர் முன்னாலும்தான் பேசினார் அக்கா.

"அம்மணி, நம்ம மயிலை வரைஞ்சு குடுக்கோணுங்க."

"மயில் வரையறதை உட்டுட்டனுங்க."

"மயில் யாருங்க கேட்டா? மயிலைங்க!"

"அதத்தானுங்க நானும் சொல்றேன். மயிலை வரையறதில்லீங்க."

"வரைஞ்சதே இல்லீங்களா? அப்பப் பரவால்லீங்க, இப்ப வரைங்க!"

காங்கேயம் காளையில் சாம்பல் நிறத்ததை மயிலை என்பார்கள் என்று அண்ணன் குறுக்கே புகுந்து சொல்லியிருக்காவிட்டால், அந்தப் பேச்சு இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும். காளை என்றதும் அக்கா யோசித்தார். "நான் காளையே வரைஞ்சதில்லீங்களே," என்றார். அந்தக் காரணத்துக்காகவே ஒப்புக்கொண்டார்.

அக்கா, அண்ணன், நான் மூன்று பேரும் காரில் போனோம். தோட்டத்தில் வேப்பமரத்தடியில் காளையைக் கட்டியிருந்தார்கள். திமில் கறுத்து, உடம்பு சாம்பல் பூத்து, மாப்பிள்ளை மாதிரி நின்றது. அக்கா அதன் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். வெயில் ஏறி இறங்கியது. பென்சிலை எடுக்கவே இல்லை. மில்காரர் என் காதருகே குனிந்து, "இவங்க மாட்டைப் பாக்க வந்தாங்களா, மாடு இவங்களைப் பாக்க வந்துச்சுங்களா?" என்றார். கிளம்பும்போது அக்கா அதன் விலாவில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அவ்வளவுதான்.

படம் முடிந்தது என்றதும் மில்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். துணியை விலக்கினார் அக்கா. சுவர் உயரத்துக்குச் சாம்பல் நிறம். மேலே கறுப்பாய் ஒரு வளைவு. வேறொன்றும் இல்லை. அண்ணன் மெல்ல நகர்ந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"காளை எங்கீங்க அம்மணி?"

ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

"தெரியலீங்க. கிட்டப் போகப் போகக் கொம்பு போச்சு, காலு போச்சு. சூடு மட்டும் கைக்குத் தெரிஞ்சுது. அதை வரையப் பாத்தேன். வந்துச்சா இல்லையான்னு எனக்கே தெரியலீங்க. ஆனா வரைஞ்ச நேரம் முச்சூடும் நான் அங்கியே இருந்தனுங்க. கை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு போகலீங்க."

மில்காரர் படத்தின் முன்னால் நின்றார். பின்னால் போய் நின்றார். ஆட்களைப் பார்த்தார், அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் புரியலீங்க," என்றார் கடைசியில். "ஆனா இதை இங்க உட்டுட்டுப் போகவும் மனசு வரலீங்க. ஊட்டுல மாட்டிப் பாக்கறேன். புரிஞ்சா போன் பண்றனுங்க."

புரியாமலேயே போன் செய்தார். வாரம் தவறாமல்.

"அம்மணி, இன்னும் புரியலீங்க."

"எனக்கும் அப்படித்தானுங்க," என்பார் அக்கா. இரண்டு பேரும் அப்புறம் மழை, தண்ணீர், தேங்காய் விலை என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அண்ணன் ஓய்வு பெற்றதும் உடுமலைப்பேட்டைக்குக் குடிபோய்விட்டார்கள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மொட்டை மாடியில் எதையோ வரைந்துகொண்டிருந்தார். "வாங்க தம்பி," என்று காலால் ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு மறுபடி படத்துக்குத் திரும்பிவிட்டார். என்ன படம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மத்தியானம் அண்ணன் சாப்பிடக் கூப்பிடும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். எதற்காகப் போனேன் என்று இப்போது யோசித்தாலும் காரணம் பிடிபடவில்லை.

உக்கடத்தில் உடுமலை பஸ் நிற்பதைப் பார்த்தால் மட்டும், வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும், கால் ஏறப் பார்க்கிறது.