நாளையும் வேண்டாம்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மருந்து கலக்கப் படித்தவளுக்கு வேறு விதமாகச் சொல்ல வராது.

1. என் அண்ணன் சிகரெட்டை விட வேண்டியிருந்தது.
2. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.
3. வழி பலித்தது.
4. எங்கே பலிக்கக் கூடாதோ அங்கேயும் பலித்தது.
5. எழுமலைப் பக்கம் இன்றைக்கும் எனக்கு ‘மந்திரக்காரக் கம்பவுண்டர்’ என்று பெயர்.

மூன்றாவதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அப்போது யுத்த காலம். மதுரையில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்த புதிது. மிக்ஸ்சர் மருந்து பாட்டிலில் வேளைக்கு இவ்வளவு என்று காகிதம் வெட்டி ஒட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (மிஞ்ச வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் விஷயம்.) உலகத்தில் எந்தக் கோளாறையும் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று பிரித்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது என் கட்சி.

அண்ணன் சாமுவேல் மில் ஆபீசில் டைப்பிஸ்ட். ஒரு கையால் டைப் அடிப்பான். இன்னொரு கை சிகரெட்டுக்கு. சர்ச்சுக்குக் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் வருகிறவன், திடீரென்று பாட்டுப் பயிற்சிக்குக்கூட வர ஆரம்பித்தான். அவனுக்குப் பாட வராது. பாடகர் குழுவில் எஸ்தர் டீச்சர் இருந்தார்.

டீச்சருடைய அப்பா ஞானமுத்து, எழுமலையில் பெரிய விவசாயி. நல்ல மனிதர். ஆனால் ஒரு வருஷம் யாரோ ஒரு விருந்தாளி பீடியை அணைக்காமல் எறிந்துவிட்டுப் போனதில் அவருடைய வைக்கோல் படப்பு முழுவதும் எரிந்து போயிருந்தது. யார் எறிந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து உலகத்தில் புகை விடுகிற எல்லாரும் அவருக்கு அந்த விருந்தாளிதான். பெண் கேட்டுப் போன அன்று அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி புகை பிடிப்பீகளா?”

“இல்லைங்கய்யா” என்றான் அண்ணன். அவன் சட்டைப் பை சதுரமாக வீங்கியிருந்தது.

எஸ்தர் டீச்சர் மதுரைக்குத் திரும்பியதும் சர்ச் வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

“எங்கப்பாகிட்ட ஒரு பொய் சொன்னீங்க. நிச்சயத்துக்குள்ள அதை உண்மையாக்கிருங்க. இல்லேன்னா நானே அப்பாகிட்ட சொல்லிருவேன்.”

வீட்டுக்கு வந்து அண்ணன் ஏலக்காய் மென்றான். கடலை மிட்டாய் தின்றான். இரண்டு நாளில் மிட்டாய் தின்றுகொண்டே புகை விடக் கற்றுக்கொண்டான். அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நான் சிகிச்சையில் இறங்கினேன்.

புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடையில் எனக்கு ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடைத்திருந்தது. தன்னைத்தானே ஹிப்னாடிசம் செய்துகொண்டு கெட்ட பழக்கங்களை ஒழிப்பது எப்படி என்று விளக்கமாக எழுதியிருந்தது. பின்பாதியைக் கரையான் தின்றிருந்தது. முன்பாதியே போதும் என்று எனக்குப் பட்டது.

“நான் உன்னை வசியம் பண்ணப் போறதில்லைண்ணே. நீயே உன்னை வசியம் பண்ணிக்கணும். நீ சொல்றதை நீயே கேப்ப.”

“என் பேச்சை நான் என்னைக்குக் கேட்டிருக்கேன், சாரா?”

“எஸ்தர் டீச்சர் பேச்சைக் கேக்கிறல்ல? அதே மாதிரிதான்.”

அவன் உட்கார்ந்துவிட்டான்.

முறை இதுதான். பளபளப்பான ஒரு பொருளைக் கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டும். மூச்சை மெதுவாக விட வேண்டும். தோள் தளர்ந்து கண் சொருகும்போது தனக்குத்தானே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பளபளப்புக்கு, எண் அழிந்துபோன ஒரு பழைய தெர்மாமீட்டரின் பாதரச முனையைக் கொடுத்தேன். வாக்கியத்தை நானே எழுதினேன். சும்மா பேச்சுத் தமிழில் சொன்னால் மனசு மதிக்காது என்று தோன்றியதால் பிரசங்கத் தமிழில் எழுதினேன்: ‘வேண்டாம். இது இல்லாமல் நான் நலமாக இருக்கிறேன். நாளையும் வேண்டாம்.’

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் பரிசோதனை இல்லாத சிகிச்சை என்ன சிகிச்சை? புத்தகத்தில் இல்லாத ஒன்றை நானே சேர்த்தேன். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ஒரு பீங்கான் தட்டில் ஒரு சிகரெட்டை வைத்து, அவன் கண் சொருகியிருக்கும்போது முகத்துக்கு நேராக நீட்டுவேன். அவன் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே புறங்கையால் தட்டைத் தள்ள வேண்டும். முதலில் கை நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. பிறகு தட்டு வருவதற்கு முன்பே கை கிளம்பியது. மில்லில்கூட அவன் சிகரெட் குடிப்பதில்லை என்று கேள்விப்பட்டபோது, வைத்தியத்தில் என் பெயர் நிலைத்துவிடும் என்று நம்பினேன். (நிலைத்தது. ஐந்தாவது வரியைப் பார்க்கவும்.)

அடையாளங்கள் தெரியாமல் இல்லை. ஒரு நாள் அம்மா தட்டில் முறுக்கு கொண்டுவந்து நீட்டினார். அண்ணன் வேண்டாம் என்று தள்ளிவிட்டான். முறுக்கை அவன் வேண்டாம் என்று சொன்னது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. நாக்கு அடங்கிவிட்டது, நல்ல குறி என்று எண்ணிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு வந்தது. அதையும் தள்ளிவிட்டு என்னவோ முணுமுணுத்தான். தட்டை ஏந்தி வந்த பெரியவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். “மில்லில சம்பளம் தாமதம் போல” என்றேன் நான். படித்தவள் சொன்னதால் நம்பினார்கள்.

நிச்சயத்தன்று எழுமலைக்குக் கரிவாயு பஸ்ஸில் போனோம். பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்ஸின் பின்னால் ஒரு கரியடுப்பைக் கட்டியிருப்பார்கள். அண்ணன் வேண்டுமென்றே கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து, வழி நெடுக ஆழ்ந்து மூச்சு விட்டுக்கொண்டு வந்தான். இறங்கும்போது அவன் முகம் கறுத்தும் மனம் குளிர்ந்தும் இருந்தது.

பந்தலில் கூட்டம் நெருக்கியடித்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. வேட்டி சட்டை, மோதிரம், வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளத்தைப் பெண்ணின் அப்பா நீட்டுவார். மாப்பிள்ளையே இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கினால் சம்மதம். இதை முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் தலையாட்டியிருந்தேன்.

உபதேசியார் ஜெபத்தை முடித்தார். ஞானமுத்து தாம்பாளத்தைத் தூக்கினார். புளி போட்டுத் தேய்த்த பித்தளை. பந்தல் கீற்று வழியாக விழுந்த வெயில் அதன் விளிம்பில் பட்டு மின்னியது. அண்ணனுடைய கண் அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவன் தோள் தளர்வதை நான் பார்த்தேன். எழுந்துவிட்டேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அது கரையான் தின்ற பக்கத்தில் இருந்திருக்கலாம்.

அண்ணன் புறங்கையால் தாம்பாளத்தை மெல்லத் தள்ளினான். தெளிவான குரலில் சொன்னான்:

“வேண்டாம். இது இல்லாமல் நான் நலமாக இருக்கிறேன். நாளையும் வேண்டாம்.”

பந்தலில் விசிறிகள் நின்றன. முதலில் வாய் திறந்தவர் எஸ்தர் டீச்சரின் தாய்மாமா துரைராஜ்.

“என்னய்யா இது? எச்சி இலையத் தள்ளுற மாதிரியில்ல தள்ளுறாரு மாப்ள.”

“அவனுக்கு வெயில் ஒத்துக்காதுங்க” என்றார் அம்மா.

“வெயிலு இன்னைக்குச் சரி. நாளைக்கும் வேண்டாங்காரே.”

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. சும்மா இருந்தால், ஊர் முன்னால் ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொன்னதாக ஆகும். உண்மையைச் சொன்னால், புகை பிடிக்கிறவனை மறைத்துக் கொண்டுவந்ததாக ஆகும். நான் நடுவில் மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

“அண்ணனுக்கு ஒரு சிகிச்சை நடக்குது. அதோட விளைவுதான் இது.”

“என்ன சீக்கு?” என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டார். “காக்காவலிப்பா?”

இரண்டு வழிகளையும்விட இது மோசம் என்று உடனே தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தெர்மாமீட்டர் முதல் பீங்கான் தட்டு வரை. நான் பேசி முடிக்கும்வரை ஞானமுத்து தாம்பாளத்தைக் கீழே இறக்கவில்லை.

“அப்ப, அன்னைக்கு எங்கிட்ட இல்லைன்னு சொன்னது பொய்யி.”

“ஆமாங்கய்யா.”

“இப்ப விட்டுட்டாருங்கிறதுக்கு என்னம்மா சாட்சி?”

அப்போது எஸ்தர் டீச்சர் உள்ளேயிருந்து வந்தார். பட்டுச்சேலையும் பூவுமாக நேரே தாய்மாமாவிடம் போனார்.

“மாமா, மடியில இருக்கிறதைக் குடுங்க.”

“மடியில என்ன தாயி? வெத்தலை.”

“வெத்தலைக்குக் கீழ.”

துரைராஜ் மாமா கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பீடியை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதை அப்பாவின் தாம்பாளத்திலேயே, மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தாம்பாளத்தை வாங்கி, இன்னும் கண் சொருகியே நின்ற அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“வேண்டாம்” என்றான் அண்ணன், புறங்கையால் தள்ளி. “இது இல்லாமல் நான் நலமாக இருக்கிறேன். நாளையும் வேண்டாம்.”

“இந்தாங்கப்பா சாட்சி.”

ஆனால் ஞானமுத்து அண்ணனைப் பார்க்கவே இல்லை. மைத்துனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏ மாப்ள. அப்ப அன்னைக்கு எம் படப்புல...”

“மச்சான், நல்ல காரியம் நடக்கிற இடத்தில அதை எதுக்கு இழுக்கிறீக?”

அதன் பிறகு பந்தலில் எங்களைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. அந்தச் சந்தடியில் எஸ்தர் டீச்சர் வேட்டி சட்டையையும் மோதிரத்தையும் தாம்பாளத்திலிருந்து எடுத்து அண்ணனுடைய இரண்டு கையிலும் வைத்தார். தட்டு இல்லாமல் கையில் கொடுத்தபோது அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்கிக்கொண்டான். கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்து, “முடிஞ்சுதா?” என்றான்.

“ரெண்டு கையாலயும் வாங்கிட்டாரு. அம்புட்டுத்தானே முறை?” என்று டீச்சர் உபதேசியாரைக் கேட்டார். உபதேசியார் அவசரமாக இரண்டாவது ஜெபத்தை ஆரம்பித்தார்.

கல்யாணம் நடந்தது. விருந்தில் துரைராஜ் மாமாவை வைக்கோல் இல்லாத பக்கமாக உட்கார வைத்தார்கள். எங்கள் வீட்டில் யார் எதை மறுத்தாலும், இன்னொரு கரண்டி ரசமாக இருந்தாலும், உடனே யாராவது “நாளைக்கும் வேண்டாமா?” என்று கேட்பார்கள். அன்று அந்த வார்த்தைகளைத் தான் சொல்லவே இல்லை என்று அண்ணன் இன்னும் சாதிக்கிறான்.

இப்போதைய நிலவரம்: தட்டில் வைத்து நீட்டிய சிகரெட்டை அண்ணன் இன்றுவரை தொட்டதில்லை. மில் வாசல் பெட்டிக்கடையில் யாரும் தட்டில் வைத்துக் கொடுப்பதில்லை என்பதால், கல்யாணம் முடிந்த சில மாதங்களில் அங்கே மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். மதினி சண்டை போடவில்லை. சாயங்காலம் அவன் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து நீட்டிவிடுகிறார். வீட்டில் அவன் புகை பிடிப்பதில்லை.