பெண்ணின் அப்பா முதுகு வளர்த்த கதை

கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் அப்பனுக்கு, மலேசியாவின் இந்தக் கேமரன் மலையில் சும்மா நிற்கிற மனிதன் என்று எவனும் கிடையாது. பஸ் நிற்கும் இடத்தில் ஒருவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தால் அவர் மாப்பிள்ளை வீட்டு ஆள். கோயிலில் பக்கத்தில் நின்று "எந்த எஸ்டேட்?" என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம், மாப்பிள்ளை வீட்டு ஆள்தான். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் நேரில் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பலகாரத்தைச் சாப்பிட்டு, சிரித்து, கும்பிட்டுப் போய்விட்டு, அப்புறம் ஓசைப்படாமல் ஓர் ஆளை விட்டு விசாரிப்பார்கள். (நாங்களும் அப்படித்தான். இல்லாவிட்டால் எனக்கு எப்படி இவ்வளவு விவரம் தெரியும்?)

என் மகள் ஷர்மினியைக் கம்போங் ராஜாவிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. கைப்பேசியைக் குளியலறைக்குள் கொண்டுபோகிற அளவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பெரியவர்களிடமிருந்து பதில் வரவில்லை. விசாரணை நடக்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

விசாரித்தால் அகப்படக்கூடிய சரக்கு எங்களிடம் இரண்டு இருந்தது. ஒன்று, என் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. மற்றது, என் தங்கை மல்லிகா. அவள் சின்ன வயதில் ஒரு லோரி ஓட்டுநரோடு ஓடிப்போய், இப்போது ரிங்லெட்டில் எங்கள் எல்லாரையும்விட சௌக்கியமாக இருக்கிறாள்.

மூன்றாவது சரக்கை என் மனைவி சரோஜா கண்டுபிடித்தாள். நான் தேயிலை எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்தே காலம் போனதில் என் மேல்முதுகு ஒரு கேள்விக்குறியாகிவிட்டிருந்தது.

"இப்படியே கூன் போட்டுக்கிட்டு நின்னீங்கன்னா, சம்மந்தி கால்ல விழப் போறீங்கன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள்.

ஆகவே பிரிஞ்சாங்கில் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஜிம்மில் சேர்ந்தேன். பயிற்சியாளர் ஜேசன் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, ஒரு யந்திரத்தில் உட்காரவைத்தார். அதன் பெயர் சீட்டட் ரோ. காலை நீட்டி ஒரு பலகையில் உதைத்துக்கொண்டு, கம்பிக்கயிற்றில் கட்டிய பிடியை வயிற்றை நோக்கி இழுக்க வேண்டும். எதிரே அடுக்கிய இரும்புக் கட்டிகள் மேலே ஏறும். மலை உச்சியில், தண்ணீர் இல்லாமல், நகராத படகுக்குத் துடுப்புப் போடுவது. இதற்கு மாதச் சந்தா வேறு.

"கையால இழுக்காதீங்க அங்கிள், முதுகால இழுங்க. ரெண்டு தோள்பட்ட எலும்பும் பின்னால ஒண்ண ஒண்ணு தொடணும்."

பார்க்க முடியாத இடத்தில் நடக்கிற எதையும் நான் நம்புவதில்லை. இருந்தாலும் இருப்பதிலேயே லேசான எடைக்கு அடுத்ததை வைத்து இழுத்தேன். (ஆக லேசானதை அப்போதுதான் ஒரு பள்ளி ஆசிரியை இழுத்துவிட்டுப் போயிருந்தார். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?)

இரண்டாவது வாரம் அந்த மனிதர் வந்தார். கழுத்தில் துண்டு, என் வயது. ஜிம்மில் வேறு யந்திரமே இல்லாததுபோல என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். என் முதுகைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, எந்த எஸ்டேட்?" என்றார்.

சொன்னேன்.

"முதுகு வலியா அண்ணே?"

உடல்நலத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள்! நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"வலியா? எங்க வம்சத்துலயே வலி கெடையாது. இனிப்பு நீர் கெடையாது. பிரஷர் கெடையாது. எங்க தாத்தா சாகுற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு."

"அப்படியா" என்று மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

நம்பவில்லை! விஷயம் தங்கைவரை போகப்போகிறது என்று தெரிந்தது. முந்திக்கொண்டேன்.

"இன்னொண்ணு. என் தங்கச்சி ஓடியெல்லாம் போகல. யாராச்சும் சொன்னா நம்பாதீங்க."

அவர் என்னையும் யந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தாட்சி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, எடை மாற்றும் ஊசியைப் பிடுங்கி இரும்புக் கட்டிகளின் அடிமட்டத்தில் செருகினேன். முதுகு, கை, பல், குலதெய்வம் எல்லாவற்றையும் சேர்த்து மல்லாக்கச் சாய்ந்து இழுத்தேன். அடுக்கு மேலே ஏறியது. ஒரு கணம் அது என்னுடையதாக இருந்தது. மறுகணம் நான் அதனுடையவனானேன். பிடியை விட்டிருக்கலாம், விட்டால் சம்பந்தம் போய்விடும் என்று விடவில்லை. அடுக்கு தடாலென்று இறங்க, நான் ஆசனத்திலிருந்து வழுக்கிப்போய், மூக்கு கால்பலகையில் மோத இரண்டாக மடிந்தேன். முதுகில் 'களுக்' என்றது. அப்புறம் எந்தப் பக்கமும் அசைய முடியவில்லை.

அவர் குனிந்து என் காதருகே சொன்னார்: "அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாதுலா. நீங்க எந்திரிச்சா நான் ஒக்காரலாம்னுதான் நிக்கிறேன்."

அவரும் ஜேசனும் என்னை மடிந்த வாக்கிலேயே மாடிப்படியில் இறக்கினார்கள்.

அவருக்குக் கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை என்று அப்புறம் தெரிந்தது. மலையில் ஏறுகிற இறங்குகிற எல்லாரும் நிற்கிற கடை. கதை கம்போங் ராஜாவுக்குப் போக ரொம்ப நேரமாகவில்லை. 'ஞாயிற்றுக்கிழமை நேரில் பேச வேண்டும்' என்று பையனின் அப்பா தனபாலன் போன் செய்தார். ஷர்மினி அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

வந்தார்கள். முதுகெல்லாம் மருந்துப் பட்டைகளோடு தைல வாடையில் நான் நாற்காலியில் கிடந்தேன். தனபாலன் தொண்டையைச் செருமினார்.

"கிராணியாரே, ஒங்க தங்கச்சி ஓடிப் போகலன்னு கேள்விப்பட்டோம்."

"ஆமாங்க" என்றேன்.

"நாங்க கேக்கவே இல்லியே. அதான் கொழப்பமா இருக்கு."

தேநீர்த் தட்டோடு வந்த ஷர்மினி, தட்டை மேசையில் டக்கென்று வைத்தாள்.

"அங்கிள், அத்த ஓடித்தான் போனாங்க. ரிங்லெட்ல இருக்காங்க, நல்லா மீன் கொழம்பு வெப்பாங்க. அப்பாவுக்கு இனிப்பு நீர் இருக்கு. மாத்திரய பிரிட்ஜுக்கு மேல ஒளிச்சு வெச்சிருக்காரு. வேற என்ன தெரியணும்? என்கிட்டயே கேளுங்க."

சம்பந்தம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். (அசைக்க முடிந்தது அது ஒன்றுதான்; மற்றதெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது.)

தனபாலன் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா! எங்க வீட்டுல ரெண்டு பேரு ஓடியிருக்காங்க. நீங்க ஆள் விட்டு விசாரிச்சிருவீங்கன்னு பயந்துதான் பதில் சொல்லாம இருந்தோம்."

"நீங்க ஆள் அனுப்பலையா?" என்றேன்.

"அய்யய்யோ, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அனுப்புறது?"

கல்யாணம் நடந்தது. மல்லிகா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் ஓடிப்போன இருவரும் அவளுக்கு இரண்டு பக்கமும். போன தீபாவளிக்கு என் காரை இரவல் வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போன மாப்பிள்ளை, திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, காருக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

அடுப்படியிலிருந்து மல்லிகா குரல் கொடுத்தாள்: "நானும் ஓடிப் போகல மாப்ள!"

வீடே சிரித்தது. நான் மட்டும் எழுந்து வெளியே போய்ப் பார்த்தேன். முன் பம்பர் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.