நட்சத்திரம் கட்டிய வீட்டில் ஒரு ஜெபம்

எனக்குக் கடவுள் நம்பிக்கை போய் வெகு காலமாகிறது. கிறிஸ்துமஸ்தான் போக மாட்டேன் என்கிறது. டிசம்பர் பிறந்தால் கல்கலா பலகாரம் உருட்டுவேன், குடில் வைப்பேன், பால்கனியில் காகித நட்சத்திரம் தொங்கவிடுவேன். (குடிலில் குழந்தை இயேசு உண்டா என்கிறீர்களா? உண்டு. பச்சைப் பிள்ளையை வெளியே நிறுத்த மனசு வருமா?) கணவர் குமாரும் என் கட்சிதான். கோயிலை விட்டவர், சுண்டலை விடவில்லை.

கல்மண்டபம் பகுதிக்குக் குடிவந்த முதல் டிசம்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருவொற்றியூரிலிருந்து மாமியார் வந்திருந்தார். கீழே டிரம் சத்தம். எட்டிப் பார்த்தால், சின்ன வயதில் நான் போன சர்ச்சின் கேரல் குழு! நட்சத்திரம் தொங்கினால் 'வாங்க, பாடுங்க' என்று அர்த்தம். அது எனக்கு மறந்தே போயிருந்தது. விளக்கை அணைக்க ஓடினேன். அதற்குள் மூன்று மாடியும் ஏறிவிட்டார்கள்.

"இன்னாமா ஸ்டெல்லா, ஸ்டாரு கட்டிகினு உள்ள ஒளிஞ்சிகினா வுட்ருவோமா?" என்றார் டேவிட் அங்கிள். ஞாயிறு பள்ளியில் எனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர்.

பாடினார்கள். பாழாய்ப்போன ஒரு வரி கூட எனக்கு மறக்கவில்லை. நானும் சேர்ந்து கத்தினேன். அங்கிளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"வூட்டுக்காரம்மா ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டும்."

"இதெல்லாம் எனக்கு வுட்டுப்போச்சு, அங்கிள்."

"வுட்டா இன்னா? சைக்கிள் மாரிதான், தானா வந்துரும்."

அதற்குள் மாமியார் தலைக்கு முக்காடு போட்டுக் கண்ணை மூடிவிட்டார். (தீவிர முருக பக்தை. எந்தச் சாமிக்கும் மரியாதையில் குறை வைக்க மாட்டார்.) "பண்ணும்மா, இத்தினி பேரு நின்னுகினு கீறாங்கோ."

கண்ணை மூடினேன். பொய் சொல்லக் கூச்சம்; அங்கிளை நோகடிக்கவும் மனசில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் தினமும் காலை மீட்டிங் நடத்துவது என் வேலை. வாய் அந்த வழியில் போய்விட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். ஆண்டவரே, உங்களுக்கும் வணக்கம். ரொம்ப நாளா தொடர்புல இல்லாததுக்கு வருந்துறேன். இந்த வருஷம் ஓரளவு திருப்தியா போச்சு. அத்தையோட முட்டி வலி மட்டும் பென்டிங். அதைக் கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் குடுத்தா நல்லாருக்கும். நேரம் ஒதுக்கி வந்த எல்லாருக்கும் நன்றி. யாருக்காவது டவுட் இருந்தா கேக்கலாம்."

'ஆமென்' சொல்லவேண்டியவர்கள் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷக்காரர் தாடியை விலக்கிக்கொண்டு, "ஒரு டவுட்டுக்கா. கேக்கு கீதா?" என்றார்.

டிரம் அடித்தவர் முதலில் வெடித்தார். பிறகு மொத்தக் குழுவும். குமார் சமையலறைக்கு ஓட, அங்கே ஏதோ பாத்திரம் உருண்டது. நான் கல்கலாத் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அங்கிள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு ஆமென் போட்டு என்னைக் காப்பாற்றினார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் முட்டிய ஞாபகம் வெச்சிகினு கேட்டியே, அது போதும்டி" என்றார்.

அன்றிலிருந்து கேரல் குழு எங்கள் வீட்டைத் தவறவிட்டதில்லை. ஜெபத்தை மட்டும் அங்கிளே பண்ணிவிடுகிறார். தொல்லை திருவொற்றியூரில்தான். வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டி முடித்ததும் மாமியார் தட்டோடு எங்கள் பக்கம் திரும்புவார். முகத்தில் சிரிப்பே இருக்காது.

"இன்னா, யாருக்கு இன்னா டவுட்டு?"

முதல் ஆளாகத் திருநீறு பூசிக்கொண்டு நழுவுவது, கடவுள் நம்பிக்கை இல்லாத நான்தான்.