தளம் மூன்று, இடது கதவு

"எவ்வளவு நாள் இருக்கப் போறம்மா?" என்று கேட்டார் கடிகாரக்காரர்.

"பத்து மாசம் மாமா" என்றாள் மாணவி.

அவர் மனைவியின் கையிலிருந்த கரண்டி சூப் பாத்திரத்துக்குள் முழுகிப் போனது. யாரும் அதை எடுக்கவில்லை. மனைவியின் தம்பியான பஸ் டிரைவர் தன் அறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அந்த அறையில் இப்போது மாணவியின் இரண்டு பெட்டிகள் இருந்தன.

அவள் அந்த நாட்டில் வந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் திட்டத்தில், மூன்று தடவை தேர்வெழுதி இடம் பிடித்தவள். 'தளம் மூன்று, இடது கதவு' என்ற முகவரித் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி பெட்டிகளை இழுத்து ஏறி, மணியை அடித்து, "வந்துட்டேன் அத்தை" என்று நின்றாள். உறவுமுறை சொல்லி அழைத்தால் வீட்டார் மகிழ்வார்கள் என்று திட்டத்தின் கையேட்டில் போட்டிருந்தது. கதவைத் திறந்த அத்தை வாயைத் திறந்தார், மூடினார், பிறகு வழிவிட்டு ஒதுங்கினார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கரண்டி முழுகியதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார் கடிகாரக்காரர் சற்றுப் பொறுத்து.

"சௌக்கியம் மாமா. அப்பா உங்களை ரொம்ப விசாரிச்சார்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார். அதோடு சாப்பாடு முடிந்தது. தட்டுகளை எடுத்துப் போன சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து குசுகுசுப்பு கேட்டது.

"நீங்களே கேளுங்க."

"நான் எப்படிக் கேக்கறது? நல்லா இருக்காது. நீ கேளு."

"நான் கேட்டா மட்டும் நல்லா இருக்குமா?"

மாணவி உட்கார்ந்த இடத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டாள். தன்னை எப்போது கிளம்புகிறாய் என்று கேட்கத்தான் இந்தப் போட்டி. பத்தாம் நாள் வீட்டார் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மா தெரு முழுக்கச் சொல்லி வழியனுப்பியிருக்கிறாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பிப் போவது?

நன்றியை வாயால் சொல்வதைவிட வேலையில் காட்டுங்கள் என்றது கையேடு. கூடத்து மேசையில் கடிகாரக்காரர் பிரித்துப் போட்டிருந்த சக்கரங்களும் திருகுகளும் மூன்று குவியலாகக் கிடந்தன. மறுநாள் அவர் வெளியே போனதும் அத்தனையையும் துடைத்து, பெரியது முதல் சிறியது வரை ஒரே வரிசையாக அடுக்கினாள். முழுதாக இரண்டரை மணி நேர வேலை.

திரும்பி வந்தவர் நின்றபடியே பார்த்தார்.

"மூணு கடிகாரம் இருந்துச்சு" என்றார்.

"இப்ப அழகா இருக்குல்ல மாமா?"

"அழகா இருக்கு."

உட்கார்ந்தவர் சாப்பிடவும் தூங்கவும் தவிர மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு கடிகாரம் ஓடியது. மற்ற இரண்டைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

ஆறாம் நாள் திட்டத்தின் பொறுப்பாளர் அம்மா போன் செய்தார்.

"நீ வீட்லதான இருக்க?"

"ஆமாம்மா, வீட்லதான்."

"அந்தம்மா உன்னைக் கண்ணால கூடப் பாக்கலங்கறாங்களே. தினம் எனக்குப் போன் பண்ணி அழறாங்க."

மாணவி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கல்லூரி விட்டதும் அறைக்குள் புகுந்துகொள்வது உண்மைதான். அதற்காகக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை என்று சொல்வதா? எதிரே சூப்பை ஊற்றிவிட்டுப் பின்னால் போய் அழுகிறாரே இந்த அத்தை.

"இனிமே அவங்க கண்ணு முன்னாடியே இருக்கேம்மா."

"இரு. பத்தாம் நாள் நாலு மணிக்கு நானே வர்றேன்."

அன்றிலிருந்து அத்தை அடுப்படிக்குப் போனால் அடுப்படி, துணி உலர்த்தப் போனால் கொடியடி என்று அவளும் கூடவே போனாள். "நான் தெரியறேனா அத்தை?" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டாள். அத்தை தலையாட்டினார். பாவம், சூப்பில் இரண்டு தடவை உப்புப் போடத் தொடங்கியிருந்தார்.

மீதி நேரம் கூடத்துச் சோபாவில் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். அது டிரைவரின் இப்போதைய படுக்கை. விடியும் முன் முதல் பஸ்ஸை எடுக்கிற மனிதர், பகலில் அதன் ஓரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினார். எட்டாம் நாள் ஒரு நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, அப்படியே கண்ணயர்ந்துவிட்டாராம். பயணிகள் பத்து நிமிஷம் மரியாதையாகக் காத்திருந்தார்களாம்.

"விளக்கம் எழுதிக் குடுக்கச் சொல்றாங்க அக்கா" என்றார். "என்னன்னு எழுதறது?"

பத்தாம் நாள் மூன்றரை மணிக்கு மாணவி படிவத்தைச் சக்கரங்களுக்கு நடுவில் வைத்தாள்.

"மாமா, அத்தை. நான் வந்ததுலேருந்து உங்களுக்குக் கஷ்டம்தான். கடிகாரத்தக் கெடுத்தேன். சின்ன மாமா தூக்கத்தக் கெடுத்தேன். வேண்டாம்னா போயிடறேன். ஆனா இந்த ஊர்ல எனக்கு வேற யாரும் இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அழக் கூடாது என்று கையேட்டில் தனிப் பக்கமே இருந்தது.

கடிகாரக்காரர் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றினார். படிவத்தின் கடைசி வரியை மட்டும் படித்தார். 'இவளை எங்கள் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறோம்.' மனைவியைப் பார்த்தார்.

"போட்டுடுங்க" என்றார் அத்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உங்க சொந்தமோ என் சொந்தமோ, யார் பக்கமா இருந்தா என்ன? பிள்ளை பிள்ளைதான்."

அது என்ன பக்கம் என்று மாணவிக்குப் புரியவில்லை. கடிகாரக்காரர் கையெழுத்துப் போட்டார். அத்தை போட்டார். "சோபாவும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி டிரைவரும் ஓரத்தில் ஒன்று போட்டு வைத்தார். மாணவிக்குப் பத்து நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

நான்கு மணிக்குப் படியில் காலடி கேட்டது. வாசலுக்கு வந்தது, நிற்காமல் மேலே போனது. மாணவி கதவைத் திறந்து, "அம்மா, இங்க இருக்கேன்" என்று கூப்பிட்டாள்.

பொறுப்பாளர் அம்மா இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால், அழுது வீங்கிய கண்களும் கையில் மடித்த புதுத் துண்டுமாக, மாடிவீட்டு அம்மாள் வந்து நின்றார். மாணவியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற மூன்று பேரையும் பார்த்தார். மூன்று கையெழுத்தோடு இருந்த படிவத்தைப் பார்த்தார்.

"இங்க தரைத்தளத்த எண்ண மாட்டாங்கம்மா" என்றார். "தளம் மூணு, மேல எங்க வீடு."