வண்டிப்புரைக்குள்ள ஒரு கார் தூக்கி

ஆரம்பத்துல வேலை ஒண்ணே ஒண்ணுதான். காருக்கு அடியில எண்ணெய் ஒழுகுது, ஒரு நட்டை முறுக்கணும்.

நாங்க திருவிதாங்கூர்-கொச்சி சர்க்காருக்குக் கீழ இருந்த காலம். எங்க ஊர்ல காருன்னா என் காரு மட்டும்தான். நாலு கை மாறி வந்த பழைய வண்டிதான். ஆனா அதுல ஏறி உக்காந்துட்டா எனக்கு ஊரே சின்னதாத் தெரியும்!

கார் வந்த கையோட வில்வண்டியையும் ரெண்டு காளையையும் பக்கத்து வீட்டுச் செல்லையாகிட்ட வித்தேன். சும்மா வித்தேனா? "வைக்கோல் அள்ளிப் போடுத சோலி இனி உனக்குடே!"ன்னு ஒரு நக்கல் வேற. மாட்டுத் தொட்டியை இடிச்சுத் தள்ளிட்டு, வண்டியும் மாடும் நின்ன வண்டிப்புரையில காரைக் கொண்டு நிப்பாட்டினேன்.

அந்த நேரத்துலதான் பகவதிக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. என் பெண்டாட்டி தங்கத்தோட அண்ணன் மக. மாப்பிள்ளை வீடு இரணியல்.

"மாமா, தாலி கட்டினதும் உங்க கார்லதான் நான் போவேன். வழியெல்லாம் ஹாரன் அடிக்கணும்!"ன்னா. புள்ள அதுவரைக்கும் ஒரு கார்லயும் ஏறினதில்ல.

"கூட்டிட்டுப் போகலேன்னா என் பேரை மாத்தி வை மக்களே!"ன்னேன்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கையில எண்ணெய் ஒழுக ஆரம்பிச்சுது, சவம்!

தரையில மல்லாந்து காருக்கு அடியில நுழைஞ்சேன். என் தொந்தி உள்ள போச்சு. வெளிய வரல. தங்கம்தான் காலைப் பிடிச்சு இழுத்தா.

"நாகர்கோவில்ல பட்டறைக்காரன் இல்லியா?"ன்னா.

"பட்டறையில காரைத் தூக்கி வச்சுத்தான் பாக்கான். நானும் தூக்குதேன்!"

கடியப்பட்டணத்துல மீன்பிடி வள்ளம் தூக்குத சங்கிலிக் கப்பி ஒண்ணை இரவல் வாங்கிட்டு வந்து, வண்டிப்புரை உத்திரத்துல கட்டி, கார் மூக்கைக் கொக்கியில மாட்டி இழுத்தேன். ஒரு சாண் ஏறிச்சு. அதுக்குள்ள கொக்கி உத்திரத்துல போய் முட்டிக்கிட்டு நின்னுட்டு. கூரை அவ்வளவு தாழ்வு.

"ஓட்டைப் பிரிச்சுச் சுவரை உயத்திட்டா?"

"மழை வரப்போற நேரத்துல ஓட்டுல கை வச்சீங்கன்னா நான் எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன்"ன்னா தங்கம்.

அப்பதான் எனக்கு அந்த மகா புத்தி உதிச்சுது. கூரை ஏறாதுன்னா தரை இறங்கட்டுமே!

ஆளை விட்டு வண்டிப்புரைத் தரையை நெஞ்சளவு தோண்டினேன். வாசல்ல இருந்து சரிவா மண்பாதை. எப்படி என் மூளை? தங்கம் எட்டிப் பாத்துட்டு, "பின்சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் ஓடுதுல்லா?"ன்னா.

"வாய்க்கால் காஞ்சு கிடக்குட்டீ! தண்ணி எங்க இருக்கு?"

தண்ணி எங்கன்னு கேக்க நல்ல ஆளுதான் நான்! கன்னிப்பூ நெல் நடவுக்குப் பேச்சிப்பாறை அணைத் தண்ணியை அந்த வாய்க்கால்ல சீக்கிரம் தொறந்து விடுங்கன்னு, வயக்காரங்களை எல்லாம் கூட்டிக்கிட்டுப் போய் ஆபீசு வாசல்ல தொண்டை கிழியக் கத்தினதே நான்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில காரைப் பள்ளத்துக்குள்ள இறக்கி, கொக்கியில மாட்டி இழுத்தேன். மூக்கு ஜம்முனு மேல ஏறிச்சு. அடியில நின்னுக்கிட்டு நட்டை முறுக்கினேன். ஒழுக்கு நின்னு போச்சு. கொள்ளாம்!

அந்நேரம் பாத்து வெளிய ஒரே கூப்பாடு. "தண்ணி வந்திட்டு!"

காரை அப்படியே தொங்க விட்டுட்டு வயலுக்கு ஓடினேன். எல்லாவனும் என்னைப் பாத்து, "அண்ணாச்சி நினைச்சா நினைச்சதுதான்!"ங்கான். எனக்குத் தலைகால் புரியல. மத்தியானம் வரைக்கும் வரப்புலேயே நின்னு புகழ்ச்சி கேட்டுக்கிட்டுக் கிடந்தேன்.

வீட்டுக்கு வந்தா, தங்கம் இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கா.

"வயலுக்குத் தண்ணி வந்திட்டா?"

"வந்திட்டு தங்கம்!"

"இங்கயும் வந்திட்டு."

ஓடிப் போய்ப் பாத்தா, பள்ளம் பாதி ரொம்பிக் கிடக்கு! பின்சுவருக்கு அடியில இருந்து கொப்பளிச்சுக்கிட்டு வருது. கார் மூக்கு மேல, வால் சேத்துக்குள்ள.

வேற வழி? வெக்கத்தைத் தின்னுட்டுச் செல்லையாகிட்டப் போனேன். பாவம், உடனே காளைகளைப் பத்திக்கிட்டு வந்தான். காருக்குப் பின்னால வடம் கட்டி நுகத்துல மாட்டினோம்.

"இழு! ஹை!"

காளைகள் வெளிய பாத்து ரெண்டு எட்டு வச்சுது. வடம் முறுகிச்சு. கார் மூக்குல கொக்கியைக் கழட்ட மறந்துட்டேன், உத்திரம் 'கிறீச்'னுது. சங்கிலி அத்து, கார் மூக்கு தொபுக்கடீர்னு தண்ணிக்குள்ள போச்சு. எஞ்சினுக்குக் குளி முடிஞ்சுது.

நான் பதறிப் போய் வடத்தை அவுத்தேன். காளைகள் ஒரு திரும்பு திரும்பிச்சு. அதுக வளந்த வண்டிப்புரை இல்லியா? நேரா சரிவுல இறங்கி, காரை இடிச்சுக்கிட்டுப் போய், பழைய தொட்டி இருந்த மூலையில நின்னு சொகமாத் தண்ணி குடிக்க ஆரம்பிச்சுது.

செல்லையா அதட்டினான், கெஞ்சினான். அசையல. நான் போய், "வாங்கடா மக்கா"ன்னதும் ரெண்டும் என் பின்னாலேயே வந்துது.

"அண்ணாச்சி, வாங்கி இத்தனை நாளாச்சு, என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது"ன்னான் செல்லையா.

எனக்கு அழுகை வந்திட்டு. மாட்டை நினைச்சு இல்ல. அந்தப் புள்ள மூஞ்சியை எப்படிப் பாக்க? சாயங்காலம் போய், தலையைக் குனிஞ்சுக்கிட்டு விசயத்தைச் சொன்னேன்.

பகவதிக்குக் கண்ணு கலங்கிட்டு. பெறவு, "ஹாரனும் முங்கிட்டா மாமா?"ன்னு கேட்டா.

ஹாரன் முங்கல! ரப்பர் பந்து வச்ச ஹாரன், கதவுக்குப் பக்கத்துல மேல இருந்துது. பள்ளத்துல இறங்கி அதைக் கழட்டி எடுத்தேன்.

மறுநாள் தாலி கட்டு முடிஞ்சு, பொண்ணும் மாப்பிள்ளையும் செல்லையாவோட வில்வண்டியில ஏறினாங்க. காளை வேற யாருக்கும் மசியாதே? கார் ஓட்டுதவன்னு பவுசு காட்டத் தச்சு வச்சிருந்த காக்கிச் சட்டையோட நான்தான் வண்டி அடிச்சேன். பக்கத்துல ஹாரனைக் கட்டி, பந்தை அவ கையில குடுத்துட்டேன்.

இரணியல் வரைக்கும் 'பாம் பாம்'தான்! ஆடு ஒதுங்குது, ஆளு ஒதுங்குது. மாப்பிள்ளையும் கேட்டு வாங்கி ரெண்டு அமுக்கு அமுக்கினான். அவ சிரிச்ச சிரிப்பைப் பாத்த பெறகுதான் எனக்கு மூச்சே வந்துது.

சத்தம் கேட்டு மாப்பிள்ளையோட அப்பா ஆரத்தித் தட்டுக்காரிகளைத் தள்ளிக்கிட்டுத் தெருவுக்கே ஓடி வந்திட்டாரு. காளையைப் பாத்தாரு, என் காக்கிச் சட்டையைப் பாத்தாரு.

"காரு வருதுன்னுல்லா சொன்னீய?"

"ஹாரன் வந்திட்டுல்லா அண்ணாச்சி! மிச்சம் தண்ணி வத்தினதும் வரும்."